தண்ணீர் போகும் பக்கம்

ஓகஸ்ட் 11

வெள்ளவத்தை. மூன்றாம் மாடி. யன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் ஏசிப் பெட்டிகள், வரிசையாக. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய அறையைக் குளிராக்கி, அந்தச் சூட்டை என் அறைக்குள் தள்ளுகிறது. கடல் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். காற்று முன்வரிசைக்காரருக்கு.

கந்தோரில் இன்று முழுக்க, நாங்கள் கட்டும் பசுமைக் கோபுரத்தின் படத்தில் மரம் நட்டேன். கணினியில். பால்கனிக்கு ஒன்று. உப்புக் காற்றில் இவற்றில் எதுவும் ஒரு வருடம் தாங்காது. எல்லோருக்கும் தெரியும். பக்கத்து மேசை ஹிபா என் திரையை எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "படத்தில நட்ட மரம்தான்டி நல்லம். தண்ணியும் ஊத்தத் தேவயில்ல, சாகவும் சாகாது."

பின்னேரம் அக்கா போன் எடுத்தாள். கொட்டாஞ்சேனை வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்களாம். "நீதான் பிளான் கீறித் தரவேணும். படிச்ச படிப்பு எங்களுக்கு ஒருக்காவாவது உதவட்டும்."

ஓம் என்றேன். போனை வைக்க முன்பே ஒரு தாளை எடுத்துவிட்டேன். சந்தோஷம்தான் போல.

ஓகஸ்ட் 17

கொட்டாஞ்சேனை போய் வந்தேன். ஒழுங்கைக்கு மறுபடி கார்ப்பெட் போட்டிருக்கிறார்கள். பழைய வீதியைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார். வீதி வளர்கிறது, வீடுகள் தாழ்கின்றன. அக்கா வீட்டுக்குள் போக இப்போது படியிறங்க வேண்டும்.

ஒரே பள்ளத்தில் மூன்று வீடு. முதலாவதில் அக்கா, லோகேஸ் அத்தான், அவர்கள் மகன் சின்னவன். மதிலுக்கு அந்தப் பக்கம் தையல் வேலை செய்யும் நளீபா ராத்தாவும் அவர் கணவர் மஹ்ரூப் நானாவும். அதற்கும் அப்பால் இராமர், அவர் மனைவி நாகமணி. மழை மூன்று முற்றத்திலும் விழுகிறது. போக வழி ஒன்றுதான்: அக்கா வீட்டின் பின்னால் ஓடும் பெரிய வடிகான். இராமர் வீட்டுத் தண்ணீர் மதிலடி ஓட்டையால் நளீபா ராத்தாவின் முற்றத்துக்கு வரும். அங்கிருந்து இன்னொரு ஓட்டையால் அக்காவின் முற்றத்துக்கு. பிறகு கானுக்கு. யாரும் வரைந்து கொடுக்காத ஏற்பாடு. இவ்வளவு காலம் வேலை செய்திருக்கிறது.

போன மே மாதம் அது போதவில்லை. மூன்று வீட்டுக்குள்ளும் தண்ணீர். அக்கா சின்னவனைத் தோளில் வைத்துக்கொண்டு கட்டிலில் ஏறி நின்றாளாம். நளீபா ராத்தா தைத்து வைத்திருந்த பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை எல்லாம் கான் நிறமாகிவிட்டது.

அத்தான் சொன்னார்: "நல்லா உயத்திவிடு பிள்ளை. நோவா வந்தாலும் எங்களிட்ட இடம் கேட்டுத்தான் ஏறவேணும்."

நான் சொன்னேன்: உயர்த்துவம். மண்ணை இல்லை, வீட்டை. தூண்களில் நிற்கட்டும். கீழே வெறுமை. தண்ணீர் வந்தால் வரட்டும், போகட்டும்.

மதிலுக்கு மேலால் நளீபா ராத்தா கேட்டுக்கொண்டு நின்றார். வாயில் குண்டூசி. எடுத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப எங்கட தண்ணி?"

"அதே வழியாலதான் போகும் ராத்தா. ஒண்டும் மாறாது. நான் பொறுப்பு."

"ஒங்கட வாய்க்கு சீனி போடணும்," என்றார்.

செப்டெம்பர் 2

கூரை என்றால் என்ன? ஓரிடத்தில் மழை விழாமல் பார்த்துக்கொள்வது. அங்கே விழாத மழை இன்னோரிடத்தில் விழும். இதை யாரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. 'இயற்கை' என்ற சொல்லை மட்டும் நிறையப் பாவித்தோம். 'இயற்கையோடு இயைந்த', 'இயற்கைக்கு மதிப்பளிக்கும்'. அது ஏதோ ஊருக்கு வெளியே இருக்கும் மதிப்புக்குரிய ஆள் மாதிரி.

அது இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் மதிலடி ஓட்டை.

வரைகிறேன். கந்தோர் வேலையை விட நேர்மையாக வரைகிறேன்.

செப்டெம்பர் 21

படத்தைக் காட்டினேன்.

அத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீழ ஆர் இருக்கப்போகினம்?"

ஒருவரும் இல்லை.

"ஒருத்தரும் இல்லாத இடம் கொழும்பில எங்க இருக்கு? ஒரு கிழமையில நாய் வரும். ரெண்டாம் கிழமை போதைத்தூள் அடிக்கிற குடுகாரர் வருவாங்கள். மூண்டாம் கிழமை ஆரும் அரசியல்வாதி வந்து போஸ்டர் ஒட்டுவான்."

அக்கா: "சனம் என்ன சொல்லும்? வீடு சாறத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரிக் கிடக்கு."

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் விடவில்லை. கீழே அடைத்தால் நான் கீறமாட்டேன் என்றேன். கடைசியில் அத்தான், "சரி, சரி. ஆர்க்கிடெக்ட் அம்மா சொன்னால் சரி" என்றார்.

சின்ன வெற்றி. எழுதி வைக்கிறேன். என்னிடம் அதிகம் இல்லை.

ஒக்டோபர் 12

பழைய வீட்டை இடித்தாயிற்று. அக்கா ஆட்கள் கொச்சிக்கடையில் ஒரு அறைக்குப் போய்விட்டார்கள்.

நவம்பர் 23

தூண்கள் எழுந்துவிட்டன. நடுவில் நின்றேன். கானின் நாற்றமும் துறைமுகக் காற்றும் தடையில்லாமல் என்னைக் கடந்து போயின. அழகாயிருந்தது. இந்த வாழ்க்கையில் ஒரே ஒரு சரியான கட்டிடம் போதும் என்று தோன்றியது.

ஜனவரி 18

மண்.

பொங்கல் முடிந்து போனால் தூண்களுக்கு நடுவில் மண் குவியல். இடுப்பளவு. இன்னொரு லொறி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது.

அத்தான் என்னைக் கண்டதும் முந்திக்கொண்டார். "கோவிக்காத. ஒரு அறை மட்டும். வாடகைக்குக் குடுத்தா லோனுக்கு உதவும். வெறுமையா விட்டுட்டு பாங்குக்கு என்ன, காற்றையே கட்டுறது?"

மண் எங்கே எடுத்தது?

"உங்கட சைட்டில இருந்துதான்! உன்ர பேரைச் சொன்னனான். சும்மாவே ஏத்தி அனுப்பினாங்கள்."

எங்கள் பசுமைக் கோபுரம். நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துக்குத் தோண்டிய மண். என் பெயருக்குக் கிடைத்த முதல் மரியாதை.

கத்தினேன். எதுவெல்லாமோ சொன்னேன்: வெள்ளம், கான், நளீபா ராத்தா, எல்லாரும் இப்பிடியே நிரப்பினால் தண்ணி எங்க போறது, உங்களுக்கு விளங்குதா இல்லையா. மேசன் சுனில் பாஸ் சாந்தகப்பையோடு அப்படியே நின்றார்.

அக்கா எங்கள் நடுவில் வந்து நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உனக்கு மூண்டாம் மாடி, சாம்பவி. உனக்குத் தண்ணி எண்டுறது படம். எனக்கு அது சின்னவன்ர வாய் மட்டத்துக்கு வந்த சாமான்."

இரண்டாவது லொறி மண்ணைக் கொட்டும் வரை நின்றுவிட்டு வந்தேன்.

ஜனவரி 20

அவள் சொன்னது சரி.

நான் சொன்னதும் சரி.

இரண்டு சரிக்கும் நடுவில் நளீபா ராத்தாவின் வீடு இருக்கிறது.

ஜனவரி 25

மண்ணைத் தாங்க நல்ல சுவர் இல்லாவிட்டால் அது மதிலோடு சேர்ந்து நளீபா ராத்தாவின் முற்றத்தில் சரியும். பாஸ் தன் பாட்டுக்குக் கல் அடுக்கத் தொடங்கியிருந்தார். ஆகவே நானே வரைந்தேன். தடுப்புச் சுவர், கம்பி, எல்லாம். மதிலடி ஓட்டைக்கு நேரே, மண்ணுக்கடியால், பின்னால் கான் வரைக்கும் அகலமான கொங்கிரீட் குழாய். மூன்று முற்றத்துத் தண்ணீரும் போகக்கூடியது. குழாயைச் சிவப்பில் போட்டேன், கண்ணில் படவேண்டும் என்று.

நான் வரைந்ததால் அது நடக்கிறது. நான் வரையாவிட்டாலும் நடக்கும், இன்னும் மோசமாக. எல்லாக் கட்டிடக் கலைஞரும் இந்த வசனத்தில்தான் குடியிருக்கிறோமா?

பெப்ரவரி 22

குழாயைப் பார்த்தேன். ஓட்டையில் தெரிந்த வாய், மலசலகூடத்துக்குப் போடும் பிளாஸ்டிக் குழாயின் வாய். என் கையே உள்ளே போகாது போலிருந்தது.

"லொக்கு எக்க கடே திபுனே நெஹெ மிஸ்," என்றார் பாஸ். பெரியது கடையில் இல்லையாம். மேலே நிலத்துக்குக் கொங்கிரீட் போட்டு முடித்துவிட்டார். உடைத்தால்தான் மாற்றலாம். அடுத்த வாரம் புதுவீடு குடிபூரல். ஐயர் நாள் பார்த்துக் கொடுத்து, கார்ட் அடித்து, கனடாவில் இருந்து மாமி டிக்கெட்டும் எடுத்தாயிற்று. இந்த நாளை விட்டால் சின்னவனின் சாதகத்துக்கு ஆவணி வரை நாள் இல்லை.

கந்தோருக்குப் போய்க் கணக்குப் பார்த்தேன். நாங்கள் பாவிக்கும் மழை அட்டவணை இருக்கிறது, ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று. அந்த மழைக்கு இந்தக் குழாய் ஏறக்குறையப் போதும். ஏறக்குறைய.

அந்த அட்டவணை நான் பிறக்க முன் பெய்த மழைக்குச் செய்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 1

குடிபூரல். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது, எல்லாருக்கும் திருப்தி. அத்தான் வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டினார்: "இவதான் டிசைன்!"

நளீபா ராத்தா சின்னவனுக்குச் சட்டை தைத்துக்கொண்டு வந்திருந்தார். படியில் என் பக்கத்தில் இருந்து தேநீர் குடித்தார். பிறகு, குரலைத் தணித்து:

"தங்கச்சி, அந்த ஓட்டயில சின்னக் குழாயொண்டு தெரியிது. தண்ணி போக அது காணுமா?"

"காணும் ராத்தா. கணக்குப் பாத்தனான்."

"நீங்க பாத்தா சரி."

என் கையில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 24

அறைக்கு ஏசி பூட்டினேன்.

மே 13

மழை.

மே 14

நிற்கவில்லை. காலி நகருக்குப் போகும் பெருவீதியில் பஸ் படகு மாதிரிப் போகிறது. ஹிபா கந்தோருக்கு வரவில்லை. தெமட்டகொடையில் அவர்கள் ஒழுங்கையும் நிரம்பிவிட்டதாம். ஒரு மாதத்து மழை ஒரு நாளில் என்று செய்தியில் வாசிக்கிறார்கள். போன வருடமும் இதே வசனத்தைத்தான் வாசித்தார்கள். எந்த மாதத்து மழை? இன்னும் யாருடைய அட்டவணையில் அந்த மாதம் இருக்கிறது?

களனி ஆற்றின் மட்டம் ஏறுகிறது. கான்கள் இனி எதையும் வாங்கா.

மே 15

அக்கா எடுத்தாள். பின்னால் மழை. கத்தித்தான் கதைத்தாள்.

"எங்களிட்ட ஒரு சொட்டில்லை! கேக்குதே? ஒரு சொட்டும் இல்லை! அத்தான் சொல்லச் சொல்றார், நீ கெட்டிக்காரி எண்டு!"

அங்கால?

"என்ன?"

அங்கால, அக்கா. ராத்தா வீடு.

பெரிய பானை ஒன்றை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அவையள் எங்கட மேல்வீட்டில இருக்கினம்," என்றாள். "இராமர் ஆக்களும்தான். எல்லாருக்கும் சோறு வடிக்கப் போறன். வைக்கிறன்."

மே 17

போக முடிந்தது. நளீபா ராத்தாவின் முற்றம் குளமாய் நிற்கிறது. மழை விட்டும் அங்கே இறங்கவில்லை. குழாய் வாயில் துணித் துண்டுகள், பொலித்தீன், சேறு. ஆற்று மட்டம் இறங்கும் வரை கானும் திருப்பித் தள்ளுகிறது. பெரிய குழாயாக இருந்திருந்தால்? குறைந்திருக்கும். எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை என்னை மன்னிக்கப் பாவிக்கிறேனா? பார்த்துக்கொள்ள வேண்டும்.

மஹ்ரூப் நானா சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். தையல் மெசினின் தலையைக் கழற்றித் தோளில் தூக்கி வந்தார். என்னைக் கண்டு, "தங்கச்சி, ஒதுங்குங்க, சாரி நனஞ்சிரும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் சாரி உடுத்திருந்தேன். கந்தோரில் கூட்டம். ஏன் அப்படியே வந்தேன்?

மே 29

அவர்கள் வீட்டின் பக்கச் சுவர் வெடித்துவிட்டது. மண் சுவர், இரண்டு கிழமை ஊறியது. உள்ளே இருக்க வேண்டாம் என்று நானே சொல்ல வேண்டி வந்தது. அதற்கு நான் தகுதியானவள். பட்டம் இருக்கிறது.

ஜூன் 7

அக்கா வீட்டுக் கீழறைக்கு ஆள் வந்துவிட்டார்கள்.

நளீபா ராத்தாவும் மஹ்ரூப் நானாவும்.

அக்கா சந்தோஷமாய்த்தான் சொன்னாள். "வேற ஆருக்கும் குடுக்கிறதை விட இது நல்லமில்லையே? தெரிஞ்ச சனம். வாடகையை ஆறுதலாத் தரட்டும்." அவளிடம் கெட்ட மனம் இல்லை. ஒருவரிடமும் இல்லை. இதை எழுத எழுதப் பயமாயிருக்கிறது. குற்றவாளி யாரும் இல்லாமல் ஒரு வீடு அழிந்து, அதன் ஆட்கள் அதை அழித்த மண்ணின் மேல் வாடகைக்கு இருக்கிறார்கள்.

இல்லை. யாரும் இல்லாமல் இல்லை.

ஜூன் 26

கோபுரத்துக்குப் பசுமைச் சான்றிதழ். கந்தோரில் கேக் வெட்டினார்கள். ஹிபா தன் துண்டை என் கையில் வைத்தாள். "தின்னுடி. பச்ச ஐசிங். இயற்கையானது."

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் மலசலகூடத்துக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. வீட்டில் இன்னும் சேறு வழிப்பதாகக் காலையில் சொன்னாள்.

ஜூலை 12

வேலையை விடலாமா? விட்டால் என்ன செய்வது? வரையாத கட்டிடக் கலைஞர் யாருக்கு உதவி? யாருக்கும் தொல்லை இல்லை, அது உண்மை. ஆனால் நான் விடுவதற்காகக் கொழும்பு காத்திருக்கவில்லை. அத்தானைப் போல ஒருவர் எங்கேயும் ஒரு லொறி மண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார், சின்னவனைப் போல ஒரு பிள்ளை எங்கேயும் கட்டிலில் நின்றுகொண்டிருக்கும்.

ஜூலை 27

நளீபா ராத்தா வரச் சொல்லியிருந்தார். சொல்லிவிட வேண்டும் என்று பஸ் முழுக்க வசனங்களைக் கட்டிக்கொண்டு போனேன்.

கீழறைக்குள் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டித் திருத்திவிட்டார்கள். வெள்ளைச் சட்டைகள். நான் வாயைத் திறக்க, அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்தார்.

"அந்தக் குழாயத்தானே சொல்லப் போறீங்க? எனக்குத் தெரியாதா? தண்ணி எங்க போய் நிண்டுச்சு எண்டு நாதானே பாத்துக்கொண்டு இருந்த. மூணு நாள்."

ஏன் ஒண்டும் சொல்லேல்லை, ராத்தா?

"சொன்னா? ஒங்கட அக்கா மண்ண அள்ளுவாவா? அவங்கட மேலதானே நாங்க படுத்தோம். சோறும் தின்டோம்."

பிறகு பக்கத்தில் இருந்த கதிரையில் துணியைத் தள்ளி எனக்கு இடம் விட்டார்.

"எங்கடயும் ஒடச்சிக் கட்டப் போறோம். மகன் கட்டாரிலேந்து அனுப்புறானாம். நீங்கதான் கீறித் தரணும்."

நான் தூண்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் சிரித்தே விட்டார்.

"கால்ல நிக்கிற வீடு ஒங்கட சொந்த வீட்டிலயே நிக்கல்லயே தங்கச்சி! வாணாம். மண்ண நெரப்புங்க. ஒங்கட அக்காட விட ஒரு அடி கூட."

பிறகு இராமர் வீட்டுத் தண்ணி?

மெசினின் சில்லைக் கையால் பிடித்தார். "நா அத யோசிக்கல்ல எண்டு நெனக்கிறீங்களா?" என்றார். "யோசிச்சிட்டுத்தான் நா கேக்குற."

மெசின் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஓகஸ்ட் 3

வேறு யாரையும் பார்க்கச் சொல்லலாம். அவர்கள் குழாயே வைக்கமாட்டார்கள். நான் வைப்பேன். பெரியது. கொங்கிரீட் போடும் நாளில் முன்னால் நிற்பேன். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் அக்கா வீட்டு நிலத்துக்கடியில் இருக்கும் அந்தச் சின்ன வாய்.

அக்காவிடம் கேட்டேன், நிலத்தை உடைத்து மாற்றலாமா என்று. "மாபிள் போட்டாச்சடி" என்றாள்.

ஓகஸ்ட் 23

நளீபா ராத்தாவின் காணியை அளவெடுக்கப் போனேன். தனியாக. நாடாவின் மறுநுனியைப் பிடிக்க ஆளில்லை. இராமர் வேலைக்குப் போயிருந்தார். நாகமணி தன் பக்கத்து மதிலால் பார்த்துக்கொண்டு நின்றார், வந்து பிடித்தார்.

மூலைக்கு மூலை போனோம். அவர் நாடாவை நேராக, இழுத்துப் பிடித்தார்.

"எம்புட்டு ஒசரம் வருதுங்க மிஸ்?"

மதிலில் கையை வைத்துக் காட்டினேன். மண் இதுவரை வரும் என்றேன். பிறகு சொன்னேன்: குழாய் வைப்பேன், ஆனால் போன முறை மாதிரி மழை வந்தால் அது போதாது. தண்ணீர் உங்கள் பக்கம்தான் நிற்கும். இதை நான் முதலே சொல்கிறேன்.

அவர் என் கை இருந்த இடத்தைப் பார்த்தார். திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். கண்ணால் அந்த உயரத்தை அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அப்ப சன்னலு வரைக்கும் வரும்," என்றார்.

ஓம்.

"எங்களுக்கு இது சொந்த எடமில்லீங்க. கட்ட விடமாட்டாங்க."

தெரியும் என்றேன்.

ஒழுங்கையில் ஒரு முச்சக்கரவண்டி போனது. அவர் நாடாவை விடவில்லை. இன்னும் ஒரு பக்கம் மிச்சம் இருந்தது. மதிலோரமாக, தன் வீட்டை ஒட்டிய பக்கம். அங்கே போய்க் குந்தி, நுனியைச் சரியாக மூலையில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"இழுங்க மிஸ்."

இழுத்தேன். எண்ணை எழுதிக்கொண்டேன்.